ஜுனைதா மிஸ்ஸி எழுதிய பட்டியல்

எங்கள் ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமை பிரஷர் கிளினிக். கற்பிட்டிக்குப் போகும் ரோட்டில், கடலுக்கும் உப்பங்கழிக் களப்புக்கும் நடுவே இருக்கிற சின்ன ஆஸ்பத்திரி அது. காலை ஆறரைக்கே விறாந்தையில் போட்ட வாங்குப் பலகைகள் நிரம்பிவிடும். கடல்தொழிலுக்குப் போகிறவர்கள், உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள், வெங்காயத் தோட்டக்காரர்கள், கருவாடு காய வைக்கும் பெண்கள் எல்லோரும் கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பைக்குள் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பார்கள். நான் அங்கே மருந்து கொடுக்கிற ஆள். பெயர் தர்சனா. சண்டை நேரம் வன்னியிலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம் எங்களுடையது. பதினோரு வருஷமாக அந்த மருந்து ஜன்னலுக்குப் பின்னால் நிற்கிறேன். நான் வந்து சேர்ந்த நாளில் பிரஷர் கிளினிக்கை நடத்திக்கொண்டிருந்தவர் ஜுனைதா மிஸ்ஸி. ஆஸ்பத்திரித் தாதியை இந்தப் பக்கத்தில் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள், முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்று. நான் அவரை அக்கா என்பேன்.

ஆள் கட்டை. குரல் பெரிது. விறாந்தையின் அந்தக் கோடியில் யாராவது வெற்றிலை மென்றால் இந்தக் கோடியிலிருந்து சத்தம் வரும். பிரஷர் பார்ப்பதில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. சைக்கிள் மிதித்து வந்து இறங்கிய கையோடு சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினால் பார்க்கவே மாட்டார்.

"மூச்சு வாங்க வாங்க வந்து கைய நீட்டாதீங்க நானா. பத்து நிமிஷம் இரிங்க. ரெண்டு காலையும் நிலத்துல வைங்க. கதைக்க வேணாம்."

பத்து நிமிஷம் கழித்து வந்து பட்டியைச் சுற்றுவார். ஒரு கை பார்த்து, சந்தேகம் வந்தால் மறு கையும் பார்ப்பார். கணக்குக் கூடியிருந்தால் கொப்பியில் எழுதுமுன் முகத்தை ஒரு தரம் பார்ப்பார். அந்தப் பார்வையிலேயே பாதிப் பேர் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

"தலையிடி இல்ல, மயக்கம் இல்ல மிஸ்ஸி. சொகமாத்தான் இரிந்தன். அதான் குளிசைய விட்டுட்டன்."

"சொகமா இரிக்கிறது குளிசையால உம்மா. அது போனா நரம்பு வெடிக்கிற வரைக்கும் ஒங்களுக்கு ஒண்டும் தெரியாது. வெளங்குதா?"

இரண்டு மாதம் யாராவது கிளினிக்குக்கு வரவில்லை என்றால் பின்னேரம் வேலை முடிந்து அவர் வீடு தேடிப் போவார். கணவர் றஸீன் நானாவின் மோட்டார் சைக்கிளில், பின்னால் பிரஷர் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு போவார். இந்தக் கரையில் அந்த மோட்டார் சைக்கிளைத் தெரியாத வீடு கிடையாது.

றஸீன் நானா மீன்பிடி வள்ளங்களின் மெஷின் திருத்துகிறவர். ஆலங்குடாக் கரையில் தென்னோலை போட்ட ஒரு கொட்டில்தான் அவருடைய பட்டறை. ஆள் நல்ல உயரம், வாய் ஓயாது. மெஷினைக் கழற்றிக்கொண்டே கதைப்பார், பூட்டிக்கொண்டே கதைப்பார். கடலில் பட்டத்தைப் பிடித்துச் சறுக்கி விளையாட வருகிற வெள்ளைக்காரரோடும் அரைகுறை ஆங்கிலத்தில் கதைத்து அவர்களைச் சிரிக்க வைத்துவிடுவார். மெஷின் திருத்த வேண்டியில்லாதவர்களும் அந்தக் கொட்டிலுக்குப் போய் உட்காருவார்கள். அக்கா வீட்டில் கதைப்பது குறைவு. "கதைக்க அவர் இடம் விட்டாத்தானே" என்று சொல்லிச் சிரிப்பார்.

அவருக்குப் பிரஷர் இருப்பதைக் கண்டுபிடித்ததே அக்காதான். நாற்பத்தொரு வயதில். ஒரு பெருநாள் அன்று சாப்பாட்டுக்குப் பிறகு பிடரி வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறார். பார்த்தால் நூற்றெழுபது, நூற்றுப்பத்து. அன்று தொடக்கம் ஒவ்வொரு நாளும் விடியற்காலை சுபஹுத் தொழுகை முடிந்ததும் வெறுந் தேத்தண்ணியோடு ஒரு குளிசை. விழுங்கினாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாராம். கிளினிக்குக்கும் அவர் வரத்தான் வேண்டும், முறை வருமட்டும் வாங்கில் இருக்கத்தான் வேண்டும். ஒருமுறை கொப்பியை வீட்டில் விட்டுவிட்டு வந்தார்.

"கொப்பி எங்க?" என்றார் அக்கா.

"மறந்துட்டன் மிஸ்ஸி."

"அப்ப போய் எடுத்துக்கிட்டு வாங்க."

"மிஸ்ஸி, நீங்களும் அந்த வீட்லதானே இரிக்கிறீங்க. வரக்குள்ள எடுத்துக்கிட்டு வந்திரிக்கேலாதா?"

வாங்கெல்லாம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. றஸீன் நானா திரும்பிப் போய் கொப்பியை எடுத்துக்கொண்டு வந்து, வரிசையின் கடைசியில் உட்கார்ந்தார்.

அப்படியான மனிசி அவர். வீட்டுக்கு ஒரு நியாயம், வாங்குக்கு ஒரு நியாயம் என்பது அவரிடம் இல்லை.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு வந்தது. நாட்டில் பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, கரண்ட் இல்லை. மருந்தும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. மார்ச் மாதத்தில் கேட்டதில் பாதி வந்தது. ஏப்ரலில் கால்வாசி. மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, லொசாட்டன் குளிசை இரண்டே பெட்டிதான் என்னிடம் இருந்தது. கிளினிக்கில் பதிந்தவர்கள் முந்நூற்றுக்கு மேல். அடுத்தது எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது.

டொக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். இளம் டொக்டர், நல்ல பிள்ளை. இரவெல்லாம் யோசித்த முகம்.

"ரெண்டு லிஸ்ட் போடுவம் மிஸ்ஸி" என்றார். "முன்னால பாரிசவாதம் வந்தாக்கள், இருதய வருத்தக்காரர், சிறுநீரகம் பழுதானாக்கள், பிரஷர் நூற்றெண்பதுக்கு மேல நிக்கிறாக்கள். இவங்களுக்கு மட்டும் குடுப்பம். கொன்ட்ரோலில இருக்கிறாக்களை வெளியில வாங்கச் சொல்லுவம். ஸ்டொக் வந்தால் அவைக்கும் குடுக்கலாம்."

வேறு வழி இருக்கவில்லை. இப்போது யோசித்தாலும் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பட்டியலை எழுதும் வேலை அக்காவுக்கு வந்தது. அவருக்குத்தானே எல்லாரையும் தெரியும். முந்நூற்றுச் சொச்சம் கொப்பிகளின் விபரத்தையும் பெரிய பதிவுப் புத்தகத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினார். மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழும்பவில்லை. மூன்று மணிக்கு இரண்டு தாள்களைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். முதலாவதில் நூற்றிருபது பேர். இரண்டாவதில் மிச்ச நூற்றுத் தொண்ணூறு பேர். நான் இரண்டாவது தாளைப் படித்துக்கொண்டு போகையில் நடுவில் றஸீன் நானாவின் பெயர் இருந்தது.

"அக்கா, நானாட பேர் இதில கிடக்கு."

"ஓம். மூணு மாசமா நூத்திநாப்பதுக்குக் கீழதானே நிக்கிது. கொன்ட்ரோல்ல இரிக்கிற ஆள்."

குரலில் ஒரு மாற்றமும் இல்லை. கையெழுத்திலும் இல்லை. அந்தப் பெயரும் மற்றப் பெயர்களைப் போலவே ஒரே அளவில் எழுதியிருந்தது.

அவர் போன பிறகு நான் ஒரு வேலை செய்தேன். பெட்டியிலிருந்து மூன்று அட்டைகளை, முப்பது குளிசையை, எடுத்து என் மேசை லாச்சிக்குள் வைத்தேன். அடுத்த நாள் காலையில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து அவரிடம் நீட்டினேன்.

"இதை வச்சிருங்கோ அக்கா. நான் எப்பிடியும் சரிக்கட்டுவன்."

அவர் அந்த அட்டைகளைக் கையில் வாங்கினார். கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வைத்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். பிறகு என் பக்கம் தள்ளிவிட்டார்.

"செபஸ்தியாம்பிள்ளை மாமா வந்தா எத்தன குளிசை குடுக்கப் போறீங்க?"

"பதினாலுதான் குடுக்கேலும்."

"அவருக்கு இத சேத்துக் குடுங்க. போன வருஷம் வாய் கோணி வந்த மனிசன். தலவில ஊர்ல தனிய இரிக்கிறார். ரெண்டு கிழமைக்கு ஒருக்கா பஸ் புடிச்சி வர அவருக்கு ஏலாது."

"நானாக்கு என்ன செய்யப் போறீங்கள்?"

"தேடுவன். நூத்தித் தொண்ணூறு பேர தேடச் சொல்லிட்டு நான் மட்டும் தேடாம இரிந்தா, அடுத்த செவ்வாக்கிழம அவங்கட மொகத்தப் பாத்து நான் என்னத்தச் சொல்ற?"

தேடினார். லீவு எடுத்துக்கொண்டு புத்தளத்துக்குப் போனார். அடுத்த கிழமை சிலாபம். அங்கே ஒரு பாமசியில் வேறு கொம்பனிக் குளிசை பன்னிரண்டு கிடைத்தது. அவற்றைப் பாதியாக உடைத்துக் கொடுத்தார். கருவாடு வீட்டில் நின்றது. கறிக்கு உப்பு நின்றது. றஸீன் நானா அதற்கும் கதை வைத்திருந்தார். "உப்பளத்துக்குப் பக்கத்துல குடியிரிந்துக்கிட்டு உப்பில்லாமச் சாப்புடுறவன் நான் ஒருத்தன்தான்" என்று கொட்டிலுக்கு வருகிற எல்லாரிடமும் சொன்னார்.

ஜூன் நடுப்பகுதியில் பாதிக் குளிசையும் முடிந்தது. ஒவ்வொரு நாள் காலையும் அக்கா பிரஷர் பார்த்தார். நூற்றைம்பத்திரண்டு. நூற்றைம்பத்தெட்டு. நூற்றறுபத்தாறு. வேலைக்கு வந்ததும் என் ஜன்னலடியில் நின்று எண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் போவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தார்.

"நூத்தி எழுவத்தாறு தர்சனா."

"அக்கா, நூற்றெண்பது வரும் வரைக்கும் பாத்துக்கொண்டிருக்கப் போறீங்களோ?"



"இல்ல. செவ்வாக்கிழம டொக்டர்ட்ட சொல்லி மொத லிஸ்ட்ல போடுறன். நாளைக்கு வெளிய போக வேணாமுண்டு சொல்லியிரிக்கன்."

ஆனால் திங்கட்கிழமை றஸீன் நானா வெளியே போனார். மூன்று நாட்களாக அவருடைய மண்ணெண்ணெய் கேன் வரிசையில் இருந்தது. திருத்திய மெஷின்கள் நாலு கொட்டிலில் கிடந்தன. ஓட்டிப் பார்க்காமல் கொடுக்க முடியாது. வள்ளக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அன்றைக்கு எண்ணெய்ப் பவுசர் லொறி வரும் என்று கதை. அக்கா வேலைக்கு வெளிக்கிட்ட பிறகு அவரும் வெளிக்கிட்டார். பத்து மணி வெயிலில் ஒன்றரை மைல் நீள வரிசையில் நின்று பக்கத்தில் நின்றவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாராம். அன்ரனி என்ற ஒரு கடல்தொழில்காரர் அவருக்குப் பின்னால் நின்றவர். அவர்தான் எங்களுக்குச் சொன்னார்.

"கதைச்சுக்கொண்டே இருந்தவர் மிஸ். திடீரெண்டு சொல்லுத் தடுமாறிச்சு. நாங்கள் பகிடி விடுறார் எண்டு சிரிச்சனாங்கள். பிறகுதான் கை விழுந்ததைக் கண்டம்."

யார் யாருடையதோ மோட்டார் சைக்கிளிலிருந்து பெற்றோலை இழுத்து ஒரு முச்சக்கர வண்டிக்கு ஊற்றி எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். வாசலில் நின்றது ஜுனைதா அக்கா.

அன்றைக்கு அவரை நான் பார்த்தது போல அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. கத்தவில்லை. வண்டிக்குள் பார்த்தார், ஒரு நிமிஷம் கூட நிற்கவில்லை. கட்டிலில் போட்டு இடப் பக்கம் சரித்தார். வாயில் வழிந்ததைத் துடைத்தார். இரத்தத்தில் சீனி பார்த்தார். ஊசிக் குழாய் ஏற்றினார். பட்டியைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார். மறு கையிலும் பார்த்தார். டொக்டர் ஓடி வந்ததும், எந்த நோயாளியைப் பற்றியும் சொல்வது போலச் சொன்னார்.

"அம்பத்திரண்டு வயசு. பழைய பிரஷர் நோயாளி. வலப் பக்கம் விழுந்திரிக்கி, பேச்சு இல்ல. எரநூத்தி முப்பது, நூத்தி முப்பது. பதினொரு நாளா குளிசை இல்ல."

டொக்டர் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்க அவருக்கு முடியவில்லை என்று நினைக்கிறேன்.

அம்புலன்ஸில் அக்காவும் ஏறினார். புத்தளத்திலிருந்து சிலாபத்துக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் இடப் பக்கம் இரத்தக் குழாய் வெடித்திருந்தது. இருபத்துமூன்று நாள் சிலாபத்தில் வைத்திருந்து, உயிரைக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். வலக் கையும் வலக் காலும் விழுந்தது விழுந்ததுதான். பேச்சில் ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சம் இருந்தது. ஓம்.

சாப்பாடு வேண்டுமா என்றால் ஓம். வேண்டாமா என்றாலும் ஓம். வலிக்கிறதா என்றால் ஓம். பெயர் என்ன என்றால் ஓம். சிலருக்கு இப்படி ஒரு சொல் தங்கிவிடும், அது அவர் சொல்லும் பதில் என்று எடுக்க வேண்டாம் என்று டொக்டர் எங்களுக்கு விளங்கப்படுத்தினார். அக்காவுக்கு அது தெரியாததில்லை. நோயாளர் வாட்டில் எத்தனை பேரைப் பார்த்தவர்.

வீட்டில் அவரை அக்கா வைத்திருந்த மாதிரி எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் ஒருவரை வைத்திருக்க மாட்டார்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைப்பார். முதுகைக் கழுவித் துவாயால் ஒற்றி, குதிக்காலுக்குக் கீழே மடித்த துணி வைப்பார். விழுந்த கையையும் காலையும் ஒவ்வொரு மூட்டாக மடக்கி நீட்டுவார். புரை ஏறக்கூடாது என்று நிமிர்த்தி இருத்தி, கஞ்சியைக் கூழ் மாதிரிக் காய்ச்சி, சின்னக் கரண்டியால் இடப் பக்கக் கன்னத்துக்குள் ஊட்டி, விழுங்குமட்டும் காத்திருப்பார். இரண்டு வருஷத்துக்கு மேல் படுக்கையில் கிடந்த அந்த உடம்பில் ஒரு படுக்கைப் புண் வந்ததில்லை.

குளிசையும் இப்போது கிடைத்தது. பாரிசவாதம் வந்தவர் என்று அவருடைய பெயர் முதலாவது பட்டியலுக்கு வந்துவிட்டது. நான் எடுத்துக் கொடுத்தேன். அக்கா கையெழுத்து வைத்து வாங்கிக்கொண்டு போனார்.

அவர்களுக்கு ஒரே மகள், அமானி. அப்போது பதினெட்டு வயது, உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். வாப்பாவின் செல்லம். பட்டறையில் ஸ்பானர் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவள். என்னைத் தாத்தா என்பாள், இங்கே முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வாப்பா வீட்டுக்கு வந்த முதல் கிழமையில் ஒரு பின்னேரம் நான் அங்கே போயிருந்தேன். அக்கா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். அமானி துவாயோடு பக்கத்தில் நின்றாள். கஞ்சி வாயோரம் வழிந்தது. அமானி துடைத்துவிட்டு, உம்மாவைப் பார்க்காமலே கேட்டாள்.

"மருந்து அலுமாரிச் சாவி ஒங்கட கையிலதானே உம்மா இரிந்திச்சி?"

அக்கா கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தார்.

"சாவி தர்சனா தாத்தாட கையில" என்றார்.

"லிஸ்ட் எழுதினது?"

கட்டிலில் கிடந்தவர் மகளையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்து, "ஓம்" என்றார். அமானி துவாயைக் கதிரையில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிலத்தைப் பார்த்தேன். அக்கா கரண்டியை மறுபடி எடுத்தார்.

அந்தப் பிள்ளை வாப்பாவுக்கு எல்லா வேலையும் செய்தாள். உம்மாவோடு தேவையான கதை மட்டும்தான். பிறகு ஒலுவில் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டுப் போனாள். அங்கிருந்து ஒவ்வொரு நாளும் போன் எடுப்பாள். அக்கா போனை அவர் காதில் பிடிப்பார். அவள் அந்தப் பக்கம் நாள் முழுக்க நடந்ததைச் சொல்லுவாள். இவர் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருப்பார். முடிந்ததும் அமானி போனை வைத்துவிடுவாள். உம்மாவிடம் கொடுக்கச் சொல்ல மாட்டாள்.

ஒருநாள் காலை, மருந்து ஜன்னலில் ஆள் குறைந்த நேரம், அக்கா என் அறைக்குள் வந்து உட்கார்ந்தார்.

"நேத்து அஸர் தொழுதுட்டு அவர்ட கட்டில்ல இரிந்து கேட்டுட்டன் தர்சனா."

"என்னத்தை அக்கா?"

"ஒங்களுக்கு என்னோட கோவமாண்டு கேட்டன். ஓமுண்டார். நான் அந்த லிஸ்ட்ட எழுதினது சரியாண்டு கேட்டன். ஓமுண்டார். பிழையாண்டு கேட்டன். அதுக்கும் ஓம்." அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வாயால ஏலாதுதானே, இடக் கையால என்ட கைய அமத்துங்கண்டு சொன்னன். என்னய மன்னிச்சா அமத்துங்கண்டு. அமத்தினார். சந்தோசத்துல அழுதுட்டன். பொறகு ஒண்டுமே கேக்காம சும்மா இரிந்தன். அப்பவும் அமத்திக்கிட்டேதான் இரிந்தார்."

நான் அவருடைய தோளைத் தொட்டேன். கதையால் ஆறும் துக்கமாக அது இருக்கவில்லை.

"இருவது வருஷம் வாய் மூடாமக் கதச்ச மனிசன்" என்றார். "கொஞ்சம் சும்மா இரிங்களேண்டு எத்தன தரம் சொல்லியிரிப்பன்."

செபஸ்தியாம்பிள்ளை மாமா அந்த இரண்டு வருஷமும் தவறாமல் கிளினிக்குக்கு வந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை பையில் நாலு விளைமீனோடு வந்து, மிஸ்ஸியின் மனிசனுக்குக் கஞ்சியில் போட்டுக் கொடுங்கோ என்று நீட்டினார்.

"அண்டைக்கு நீங்கள் ஒண்டரை மாதத்துக்குக் குளிசை தந்திராட்டி நான் இண்டைக்கு இல்லை மிஸ்ஸி. சந்தனமாதாவுக்கு நேந்துதான் இருக்கிறன், உங்கட மனிசன் எழும்பி நடக்கோணும் எண்டு."

அக்கா அவருக்குப் பிரஷர் பார்த்தார். நூற்றுமுப்பது, எண்பது. கொப்பியில் எழுதினார். நல்லா இருக்கு மாமா, இப்படியே போடுங்க என்றார். அவர் போன பிறகு மருந்து அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். "அவர்ட கணக்கப் பாத்ததும் எனக்கு சந்தோசம் வருது தர்சனா. அந்தச் சந்தோசத்த எனக்குப் பாக்க ஏலாமக் கெடக்கு" என்றார். வந்தவர்களின் சத்தம் வெளியே கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாயிரத்து இருபத்துநாலு ஓகஸ்டில் றஸீன் நானாவுக்குச் சளி பிடித்து நெஞ்சுக்குள் இறங்கியது. எத்தனை கவனமாக ஊட்டினாலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்ச் சேர்ந்திருக்கிறது. எங்கள் வாட்டில்தான் வைத்திருந்தோம். ஆறாம் நாள் வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லும் நேரம், அக்கா அவரை மறுபக்கம் புரட்டிப் படுக்க வைத்தார். நாடியைப் பிடித்தார். விரலை எடுக்காமல் நின்றார். பக்கத்து வாட்டு மிஸ்ஸி வந்து கையை எடுத்துவிடுமட்டும் அப்படியே நின்றார்.

ஒலுவிலில் இருந்து அமானி வந்து சேர இரவாகிவிட்டது. அவள் வருமட்டும் ஜனாஸாவை அடக்காமல் வைத்திருந்தார்கள். வந்தவள் வாப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு போர்த்தியிருந்ததை விலக்கி, குதிக்காலையும் முதுகையும் தடவிப் பார்த்தாளாம். ஒரு கீறல் இல்லை. உம்மாவின் பக்கத்தில் வந்து இருந்தாள். சாய்ந்துகொள்ளவில்லை. ஆனால் எழும்பிப் போகவும் இல்லை, விடியுமட்டும். அதற்கு மேல் அவர்களுக்குள் என்ன நடந்தது என்று நான் கேட்டதில்லை. அமானி படிப்பைத் தொடர ஒலுவிலுக்குத் திரும்பினாள். பெருநாளுக்கு வருகிறாள். போனில் இப்போது உம்மாவோடுதான் கதைக்க வேண்டும், வேறு ஆள் இல்லையே. சில நாள் இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் கதைக்காமல் இருப்பார்களாம்.

நாலு மாதமும் பத்து நாளும், கணவரை இழந்த பெண் வீட்டோடு இருக்கிற இத்தாவில் அக்கா இருந்தார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் பழக்க தோஷத்தில் பிரஷர் பார்க்கக் கேட்டு வருவார்கள். மெஷின் பழுது என்று சொல்லி அனுப்பிவிடுவார். ஒருநாள் தாங்காமல் நான் கேட்டேன்.

"அக்கா, அண்டைக்கு நான் தந்த அட்டையை நீங்கள் எடுத்திருந்தால்?"

"எடுத்திரிந்தாலும் வந்திரிக்கும், வராமலும் இரிந்திரிக்கும். டொக்டர் அப்பிடித்தான் சொன்னார். நான் ஒவ்வொரு நாளும் எடுக்கிறன் தர்சனா. எடுத்து அவருக்குக் குடுக்கிறன். அவர் எழும்பிக் கதக்கிறார். அப்ப தலவிலயில அந்த மாமா விழுந்து கெடக்கிறார். திருப்பிக் கொண்டுபோய் வெக்கிறன். இவர் விழுகிறார். இதுதான் என்ட நாள்" என்றார்.

இத்தா முடிந்து வேலைக்கு வந்ததும் டொக்டரிடம் போய், பிரஷர் கிளினிக் தனக்கு வேண்டாம் என்றார். காரணம் கேட்கவில்லை டொக்டர். காயத்துக்கு மருந்து கட்டும் அறைக்கு மாற்றிக் கொடுத்தார். கிளினிக்குக்கு ஒரு புது மிஸ்ஸி வந்தார். நல்ல பிள்ளைதான். ஆனால் வாங்கில் இருக்கிறவர்கள் இன்னும் அந்த அறைப் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள்.

அந்த அறையில் பெரும்பாலும் கால்கள். சீனி வருத்தத்தால் வந்த புண், நாளம் புடைத்து வெடித்த புண், புகையிலையால் இரத்தக் குழாய் அடைத்துக் கறுத்துப் போன விரல்கள். கடல் தண்ணியில் ஊறிய கால்கள். அக்கா ஒரு முக்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு காலாக மடியில் எடுத்து வைத்துக் கழுவுவார். முன்னைப் போல ஏசுவது இல்லை. குரலும் சிறுத்துவிட்டது.

போன மாதம் ஒரு நாள், ரஸாக் என்று ஒருவர் வந்திருந்தார். நாற்பத்தாறு வயது, இழுவை வலைக்காரர். சின்ன வயதிலிருந்தே பீடி. பெருவிரலில் முள்ளுக் குத்தி மூன்று மாதமாக ஆறாத புண். இரண்டு நாளைக்கு ஒரு தரம் வந்து மருந்து கட்டிக்கொண்டு போனவர். அன்றைக்கு நான் பஞ்சும் துணியும் கொடுக்கப் போனபோது அக்கா அவருடைய பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, கண்ணை மூடியிருந்தார். விரலைக் கொஞ்சம் நகர்த்துவார், மறுபடி வைப்பார். கணுக்காலுக்குப் பின்னால் நாடியைத் தேடினார். முழங்காலுக்குப் பின்னால் தேடினார். ரஸாக் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டு, கொண்டல் காற்றுப் பெயர்ந்தால் மீன் நல்லாப் படும் என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா எழும்பி என்னோடு வெளியே வந்தார். விறாந்தைக் குழாயில் கை கழுவினார். கழுவிய கையை மறுபடியும் கழுவினார்.

"இவருக்கு இந்தக் கால் போகப்போகுது தர்சனா. சிலாபத்துக்குக் கடிதம் எழுதச் சொல்லி டொக்டர்ட்ட சொல்லணும். இன்னம் அவருக்குச் சொல்லல்ல."

"டொக்டரே சொல்லட்டுமே அக்கா."

"பழைய டொக்டர் மாறிப் போய் இவர் வந்து ஆறு மாசந்தான். என்னட்டத்தான் மூணு மாசமா காலத் தந்துக்கிட்டு இரிக்கிறார்."

கையைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார். வாசலில் ஒரு கதிரை கிடந்தது. அதை இழுத்துக்கொண்டுபோய் அந்த மனிசனுக்கு முன்னால், முழங்கால் முட்டுமளவு கிட்டப் போட்டு உட்கார்ந்தார். அவர் இன்னும் கொண்டலைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தார். அக்கா அவரை நிறுத்தவில்லை. அவர் சொல்லி முடிக்குமட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.